பார்சல் மாத்திரை

ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்க்கிற அன்றைக்கு ஊரே திரண்டு வரும். பெரியப்பா வருவார், அவருடைய சம்பந்தி வருவார், ஒன்றுவிட்ட அத்தை ஃபிளாஸ்க்கோடு வந்து நிற்பார். 'எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்' என்று நாலு பேராவது செல்போனை எடுப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பாருங்கள். ஒரே ஒரு ஆள்தான் இருப்பான். ஆபீஸில் ரெண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்த, முப்பது வயதுக்கு உட்பட்ட, பைக் வைத்திருக்கிற ஓர் இளைஞன். 'நீதான் ஃப்ரீயா இருக்கே' என்று குடும்பமே சேர்ந்து தீர்ப்பு சொல்லி அனுப்பியிருக்கும். இந்த வாரப் பக்கம் அந்த அப்பாவிக்கு.

காலை ஒன்பது மணி. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார். "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். உடனே அம்மா சோப்பு டப்பாவையும் துண்டையும் எடுத்துப் பையில் திணித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு விடுவார். டாக்டர் 'போகலாம்' என்று சொன்னது 9 மணிக்கு. வண்டி கேட்டைத் தாண்டப்போவது நாலரைக்கு என்பது அவருக்குத் தெரியாது.

நடுவில் ஏகப்பட்ட சடங்கு இருக்கிறது சார். டூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். அதை ஒருவர் டைப் அடிக்க வேண்டும். வார்டில் உடைக்காமல் மிச்சமிருக்கிற ஊசி, டிரிப்ஸ் பாட்டில் எல்லாம் கீழே மருந்துக் கடைக்கு ரிட்டர்ன் போக வேண்டும். ரிட்டர்னைக் கழித்த பிறகுதான் ஃபைனல் பில். அந்த பில் போன பிறகுதான் இன்ஷூரன்ஸ்காரர் கண் திறப்பார். 2024-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. கேஷ்லெஸ் சிகிச்சையில், ஆஸ்பத்திரியிடமிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது டாக்டர் 'போகலாம்' என்ற நிமிஷத்திலிருந்து அல்ல, கோரிக்கை போய்ச் சேர்ந்த நிமிஷத்திலிருந்து. ஆகவே பர்மிஷன் போட்ட இளைஞர்களே, பில்லிங் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி 'எப்ப முடியும்?' அல்ல. 'அனுப்பிட்டீங்களா?'

இத்தனையும் முடிந்து, ஆபீஸிலிருந்து மூன்று மிஸ்டுகால் வந்து, கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, கையில் ஒரு பை வந்து விழும். வீட்டுக்குக் கொண்டுபோகிற மருந்து.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இதற்கு டி.டி.ஓ. என்று பெயர். 'டு டேக் அவுட்'. அதாவது பார்சல். ரெண்டு இட்லி, ஒரு வடை, பதினாலு நாளைக்கு மாத்திரை. அங்கே ஆஸ்பத்திரியின் பார்மசிஸ்ட்டே சரிபார்த்து, நோயாளியின் பெயர் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தப் பார்சல் வந்து சேர்வதற்குள் அங்கேயும் விடிந்துவிடுகிறது என்று புகார் உண்டு. வெள்ளைக்காரரும் கோட்டை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நம் ஊரில் பெரும்பாலும் அந்தப் பை எப்படி வருகிறது? நர்ஸம்மா ஸ்டிரிப்புகளை மேஜைமேல் கொட்டுகிறார். "சார், இது காலைல ஒண்ணு நைட் ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி, இது அரை மாத்திரை, இது வலிச்சா மட்டும், இது அஞ்சு நாளைக்கு, இது கன்டினியூ. எல்லாம் இதுல எழுதியிருக்கு. புரிஞ்சுதா சார்?" மொத்தம் இருபது செகண்ட். குறை சொல்வதற்கில்லை, அவருக்கு அந்த ஷிஃப்ட்டில் இன்னும் எத்தனையோ கட்டில். நம் இளைஞன் "புரிஞ்சுது சிஸ்டர்" என்கிறான். புரியவில்லை என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

யோசித்துப் பாருங்கள். பத்து நாளாக உள்ளே ஒவ்வொரு மாத்திரையும் சின்னக் கிண்ணத்தில், நேரத்துக்கு, படித்த ஆள் கையால் வந்தது. சார்ட்டில் டிக் அடித்தார்கள். இன்று சாயங்காலத்திலிருந்து அந்த வேலையெல்லாம் அம்மாவுக்கு. மூக்குக் கண்ணாடியைச் சாமி ரூமில் வைத்துவிட்டு ஹாலில் தேடுகிற அம்மாவுக்கு. அவருக்குக் கொடுக்கப்பட்ட மொத்தப் பயிற்சி அந்த இருபது செகண்ட். அதுவும் நேரடியாக அல்ல, உங்கள் வழியாக.

இதில் என்ன பெரிய ஆபத்து என்கிறீர்களா? எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் இருக்கிறார். வயது 71. தெருவில் ஸ்கூட்டியில் வேகமாகப் போகிற பையனை இன்றும் நிறுத்திக் காதைத் திருகுகிற ரகம். சர்க்கரை உண்டு, பல வருஷமாக மாத்திரை. போன வருஷம் நிமோனியா வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை, எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடிய விஷயம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஐ.டி. மாப்பிள்ளை போனார். ஒரு காதில் மீட்டிங், இன்னொரு காதில் நர்ஸம்மா. பையை வாங்கிக்கொண்டு, மாமனாரைப் பத்திரமாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு எங்கள் கதவை மாமி தட்டுகிறார். போய்ப் பார்த்தால் சார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. நாக்கு குழறுகிறது. மாமியைப் பார்த்து "நீங்க யாரும்மா, டி.சி. வாங்க வந்தீங்களா?" என்கிறார். இன்னொரு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். மாமி அழுதுகொண்டே மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார். 38. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். 38 என்பது மூளையே பட்டினி கிடக்கிற கணக்கு.

நல்லவேளை, விழுங்குகிற நினைவு இருந்தது. மாமி டம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் 108-க்குப் போன் செய்தேன். (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதைத் தெரிந்துவைத்திருங்கள்.) ஆம்புலன்ஸ் வருவதற்குள் சார் என்னைப் பார்த்து, "நீ ஏண்டா இந்த நேரத்துல இங்க நிக்கிறே?" என்றார். அவர் அதட்டியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இருந்தாலும் ஆஸ்பத்திரியில் விடவில்லை. சிலவகை சர்க்கரை மாத்திரைகள் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும், சர்க்கரை ஏறின மாதிரி ஏறி மறுபடி இறங்கும் என்று ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்த சின்ன டாக்டர், பெண், மாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்கம்மா. பழசு, புதுசு எல்லாம்." மாமி மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்ததை அந்தப் பெண் கட்டில்மேல் சீட்டு விரிப்பது போல விரித்தார். பிறகு ரெண்டு ஸ்டிரிப்பை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பச்சை அட்டை, இன்னொன்று வெள்ளி. பேர் வேறு, கம்பெனி வேறு. பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். ரெண்டிலும் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின். ஒரே மருந்து!

பச்சை அட்டை, தெருமுனை மெடிக்கலில் சார் வழக்கமாக வாங்குவது. வெள்ளி, ஆஸ்பத்திரிக் கடையில் இருந்த பிராண்ட். புதுசைச் சாப்பிடச் சொன்னார்கள். பழசை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சாருக்கோ ஒழுங்கு முக்கியம். பழைய டாக்டர் எழுதியதையும் விடக்கூடாது, புது டாக்டர் எழுதியதையும் விடக்கூடாது. மூன்று நாளாக ரெண்டு மடங்கு மாத்திரை. காய்ச்சல் விட்ட வாயில் ருசியில்லாமல் சாப்பிட்டதோ ரெண்டு கரண்டி ரசஞ்சாதம்.

மாப்பிள்ளை மேல் தப்பா, நர்ஸம்மா மேல் தப்பா, சார் மேல் தப்பா என்று எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. என் கட்சி, காகிதத்தின் மேல் தப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் சாப்பிட வேண்டியதன் பட்டியல் இருக்கிறது. சாப்பிடக் கூடாததன் பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டு அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று வார்டில் இருப்பவருக்குத் தெரியாது. வார்டில் என்ன மாற்றினார்கள் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் தெரியாது. நடுவில் நிற்பது பர்மிஷன் போட்ட இளைஞன் மட்டுமே.

அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலையில் வரும்போதே வீட்டிலிருக்கிற அத்தனை பழைய மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். நர்ஸம்மா ஸ்டிரிப்புகளைக் கொட்டும்போது நீங்களும் கொட்டுங்கள். "இதுல எதை நிறுத்தணும்?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால், டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நிறுத்த வேண்டியதைச் சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். ஆட்டோக்காரர் இன்னும் ரெண்டு ஹாரன் அடிக்கட்டும்.

இன்னொரு உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகளில், மருந்து கொடுக்கிற பார்மசிஸ்ட் நோயாளிக்கு என்னென்ன விளக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, எங்கே வைப்பது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது, எல்லாம். நம் கடைகளில் பார்மசிஸ்ட் நமக்கு விளக்குகிற ஒரே விஷயம் சில்லறை இல்லை என்பதுதான். அவரும் கத்திரிக்கோலோடு போராடிக்கொண்டிருக்கிறார். பதினைந்து மாத்திரை என்றால் ஒன்றரை ஸ்டிரிப் வெட்ட வேண்டும். அந்த அரை ஸ்டிரிப் நம்மிடம் வரும்போது பேர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போயிருக்கும். தேதி இருக்கிற பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிடும், அவருக்கு அது வேண்டும். நமக்கு வருவது அநாமதேயமான ஐந்து வெள்ளை மாத்திரை. பேருள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் அங்கேயே ஒரு கவரில் போட்டுப் பேரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்தது பரிபாஷை. 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இதை நூற்றியொன்று என்று படித்து, கல்யாண மொய் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். இதுவாவது பரவாயில்லை. சில டாக்டர்கள் இன்னும் லத்தீனில்தான் எழுதுவார்கள். பி.டி. என்றால் தினம் ரெண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. (சம்பளத்தில் பிடிக்கிற டி.டி.எஸ். வேறு, அதற்கு மருந்தில்லை.) எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஓ.டி. என்றால் ஓவர்டைம் அல்ல, நாளுக்கு ஒரு வேளை. எஸ்.ஓ.எஸ். என்று பார்த்ததும் கப்பல் மூழ்குகிறதென்று பதற வேண்டாம், 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதன் லத்தீன் சுருக்கம். தேவை என்றால் எவ்வளவு தேவை, நாளுக்கு அதிகபட்சம் எத்தனை என்பதைக் கேட்டுக்கொள்ளவும். பாரசிட்டமால் கலந்த வலி மாத்திரை ஒன்று, காய்ச்சலுக்குத் தனியாகப் பாரசிட்டமால், நடுவில் தும்மலுக்குத் தெருமுனைக் கடையில் வாங்கின ஜலதோஷ மாத்திரை (அதிலும் பாரசிட்டமால்) என்று மூன்று வாசல் வழியாக ஒரே ஆள் உள்ளே நுழைந்தால் கஷ்டப்படுவது கல்லீரல்.

டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி ஜோக் அடித்து அடித்து அது தேய்ந்துபோய்விட்டது. மருந்தின் ஜெனரிக் பேரைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியது. இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் எழுத்து புரிகிறது. என்ன எழுத்து என்பது புரிகிறது, என்ன அர்த்தம் என்பதுதான் புரிவதில்லை.

'சாப்பாட்டுக்கு முன்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பான்டோபிரசோல் மாதிரியான வயிற்று மாத்திரைகளைக் காலை டிபனுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம் வீடுகளில் அதை இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுகிறார்கள். முன்தானே! இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை விரதம் என்று அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவார், சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை மட்டும் பக்தியோடு போட்டுக்கொள்வார். ரம்ஜான் நோன்பு, சஷ்டி, ஏகாதசி எதுவானாலும் டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்ட மாட்டார், வேளையை மாற்றிக் கொடுப்பார். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

சில மருந்துகளிடம் இன்னும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். மூட்டுவாத நோய்க்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போடும் பழக்கத்தில் இதையும் தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உலகம் பூராவும் உண்டு. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று இருந்தால் போதாது, எந்தக் கிழமை என்று எழுதி வாங்குங்கள். இன்சுலின் இன்னொரு சங்கதி. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. மாற்றி வாங்கிவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு ஊசியில் 20 கோடு இழுத்தால் வெறும் 8 யூனிட். 'ஊசிதானே, ஏதோ ஒண்ணு குடுங்க' என்று கடையில் கேட்கிறவர்கள் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

பையில் இருப்பதெல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் விருந்தாளி. பி.பி. மாத்திரை குடும்பத்தில் ஒருவர். ரெண்டையும் பத்துப் பத்தாக வெட்டி ஒரே பையில் போட்டுக் கொடுத்தால், பத்து நாளில் ரெண்டும் தீரும், வைத்தியம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். மறுபடி வரச்சொன்ன தேதியைப் பார்த்தால் பதினைந்தாம் நாள். நடுவில் ஐந்து நாள் அம்போ! இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்பார் மனிதர். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்று யாராவது அவரிடம் சொன்னால் தேவலை. அதனால் வாங்கும்போதே விரல்விட்டு எண்ணுங்கள். மறுபடி வருகிற தேதிக்குமேல் ரெண்டு நாளைக்கு இருக்கிறதா?

அரசு ஆஸ்பத்திரியில் இதெல்லாம் வேறு மாதிரி. அங்கே பில் இல்லை, இன்ஷூரன்ஸ்காரருக்காகக் காத்திருப்பதும் இல்லை. மருந்து இலவசம். ஒரு காலத்தில் மாத்திரைகளை உதிரியாக எண்ணி, காகிதத்தில் மடித்து, கடலைப் பொட்டலம் மாதிரி கொடுப்பார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டு, 1995-லிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்ப ஆரம்பித்த பிறகு, ஸ்டிரிப்பில் அடைத்த மாத்திரை, அரசு முத்திரையோடு, வந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பாடம் படித்துவிட்டுப் போன ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் எங்கள் தெரு தலைமையாசிரியருக்கு வந்த ஆபத்து இங்கேயும் உண்டு. வாசலுக்கு வந்த மாத்திரை ஒரு பை, தனியார் டாக்டர் எழுதியது ஒரு பை. ரெண்டும் ஒரே மருந்தாக இருக்கலாம்.

மலிவு மருந்துக் கடைகள் வந்தபின் இது இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-லிருந்து இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களை ஒரே நாளில் திறந்தது. மாதம் முழுக்க மாத்திரை சாப்பிடுகிற குடும்பத்துக்கு நல்ல மிச்சம், நானே அப்பாவுக்கு அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் அங்கே ஸ்டிரிப்பின் நிறம் மாறும், அளவு மாறும், கம்பெனிப் பேர் மாறும். 'ரோஸ் கலர் மாத்திரை', 'நீட்டு மாத்திரை' என்று நிறத்தையும் உயரத்தையும் வைத்து அடையாளம் சொல்கிற வீடுகளில் குழப்பம்தான். பிராண்ட் பேரை மறந்துவிட்டு, பொடி எழுத்தில் இருக்கிற ஜெனரிக் பேரைப் படிக்கப் பழக வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்கள். தினம் முந்நூறு ரீல்ஸ் பார்க்கிற கண்ணுக்கு இது ஒரு பொருட்டா?

கடைசியாக, நர்ஸம்மா "புரிஞ்சுதா சார்?" என்று கேட்பார் இல்லையா, அப்போது தலையாட்டாதீர்கள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போகிற ஆளை, அம்மாவோ மனைவியோ, பக்கத்தில் உட்கார வையுங்கள். அவரையே ஒவ்வொன்றாக எடுத்து எது எப்போது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரிதான். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் வீட்டில் தப்பு நடக்கப்போகிறது. ஐந்து நிமிஷம் ஆகும். ஏழு மணி நேரம் காத்திருந்த இடத்தில் இன்னும் ஐந்து நிமிஷம். பில்லையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள், சிலவற்றில் 90 நாள் வரை வாங்குகிற மருந்துக்கும் பணம் உண்டு. பாலிசியின் பொடி எழுத்தையும் அப்படியே போட்டோ எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்கள்.

எங்கள் தலைமையாசிரியர் இப்போது தேறிவிட்டார். அந்தச் சின்ன டாக்டர் ஒரே தாளில் எழுதிக் கொடுத்ததை சார் தன் கைப்பட ஒரு நோட்டில் கட்டம் போட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஆக்கிவிட்டார். இடது பக்கம் மாத்திரைகளின் பேர், அகர வரிசையில். மாமி பேர் படிக்க, அவர் மாத்திரையைக் காட்டி "உள்ளேன் அம்மா" என்பார், டிக் விழும். நேற்று பேப்பர் இரவல் வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை மதியக் கட்டத்தில் சிவப்பு மசியில் 'ஆப்சென்ட்' என்று போட்டிருந்தது.

"என்ன சார், ஒரு வேளை விட்டுப்போச்சா?"

"ஆமா. தூங்கிட்டேன்."

"நைட் சேர்த்துப் போட்டுக்கிட்டீங்களா?"

சார் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏண்டா, நேத்து லீவு போட்டவனை இன்னிக்கு ரெண்டு தடவை உள்ளேன் ஐயா சொல்ல வைப்பாங்களா?"